ஒன்று புள்ளி ஏழு

பல்லடம் கிளையில் டோக்கன் நாற்பத்திரண்டு.
நாற்பத்தொன்று நகைக்கடனுக்கு வந்திருந்தது,
வெறுங்கழுத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு.
நான் கோட்டுக்குப் பின்னால் நின்றேன்.
கோடு எதுவும் இல்லை.
ஆறு மாதத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

மேனேஜர் திருமூர்த்தி
மதிப்பெண் தாளை விரித்தார்.
இரண்டாம் தவணை அதைப் பார்த்துத்தான்.
"நாச்சிமுத்து சிந்துஜா...
பேரையே திருப்பிப் போட்டிருக்கானுங்க."

அங்கே நான் நாச்சிமுத்து.
கெம்னிட்ஸ் ஆய்வகத்தில் முதல் நாள்
"ஃப்ராவ் நாச்சிமுத்து" என்று வாசித்தபோது
மீசையோடு அப்பா எங்கிருந்தாவது எழுந்து
"இருக்கறனுங்" என்பாரென்று
பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.
டிராமில் டிக்கெட் வாங்கி,
அதை மெஷினில் குத்தாமல் உட்கார்ந்ததற்கு
அறுபது யூரோ அபராதம் எழுதியதும்
அப்பா பேரில்தான்.

"ஒன்னு புள்ளி ஏழு. ரெண்டு. ஒன்னு புள்ளி மூனு.
என்னம்மா இது, எத்தனைக்கு?"
பிறகு மேனேஜர் முகம் தெளிந்தது:
"அட, இதுல அஞ்சு வாங்கியிருக்கயே!"

"இல்லீங்க சார், அங்க ஒன்னுதானுங்க ஒசத்தி.
ஏற ஏற மோசம்."

அவருக்குப் பிடிபடவில்லை.
நாற்காலி நுனியிலிருந்து அப்பா கேட்டார்:
"எஃப்சிஆர் மாதிரியா அம்மிணி?"
பதிலுக்குக் காத்திருக்காமல் மேனேஜர் பக்கம் திரும்பி,
"ஒரு கிலோ கோழிக்கு எத்தன கிலோ
தீவனம் தின்னுச்சுங்கற கணக்குங்க சார்.
கொறையக் கொறைய நெம்ப நல்லதுங்.
ஒன்னு ஏழுன்னா நல்ல பேட்ச்சு.
ஒன்னு மூனெல்லாம் எந்த ஷெட்டுலயும்
நான் பாத்ததில்லீங்."

ஓர் ஆபீசில் அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.
தாளில் விரலை வைத்து
வரிவரியாக விளக்கிக்கொண்டு இறங்கினார்.
ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

அந்தப் பரீட்சை காலை எட்டு மணிக்கு.
முந்தின ராத்திரி ஊருக்கு வெளியே
பார்சல் கிடங்கில்
பெல்ட்டில் வரும் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்,
விடியும்வரை. விடியவும் இல்லை,
அந்த மாதத்தில் அங்கே எட்டு மணிக்குத்தான் விடியும்.
டிராம் சீட்டுக்கடியில் ஹீட்டர்
புதுக்குஞ்சுக்குக் கட்டும் பல்பு போல.
கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் தோளைத் தட்டினாள்.
எட்டே முக்கால்.

போனில் அன்றைக்கும் இதுதான்:
சாப்டயா, சாப்டேன்.
குளுருதா, பரவால்லீங்ப்பா.

மேனேஜர் முத்திரை மையைத் தேடிக்கொண்டிருந்தார்.
அவர் நிமிர்வதற்குள்
அப்பா அசலை நாலாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்தார்.
நகல் ஃபைலுக்குப் போயிற்று.

வெளியே பங்குனி வெயில்.
நால்ரோட்டில் பச்சை விளக்குக்காக நின்றேன்.
"அது எரிஞ்சு மூனு மாசமாச்சு" என்று
கையைப் பிடித்து இழுத்துப் போனார்
லாரிகளுக்கு நடுவே.
பிடித்தவர் சற்று நேரம் விடவில்லை.

மொபெட்டில் காமநாயக்கன்பாளையம் வரை பேச்சில்லை.
காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை.

"அஞ்சுன்னா, முழு பேட்ச்சும் போச்சா?"

"ஆமாங்ப்பா. ஆடியில இன்னொருக்கா எழுதலாம்."

"போச்சாது போ.
தாள்ல என்ற பேருதான மொதல்ல இருக்குது.
நான் பெயிலுன்னு வெச்சுக்கலாம்."
சிரித்தாரா என்று முதுகிலிருந்து தெரியவில்லை.

ஷெட்டு வாசலில் தீவன லாரி
முன்பே வந்து நின்றிருந்தது.
ஸ்டாண்டு போட்டவர் சாவியை எடுக்காமல் கேட்டார்:
"கை காப்புக் காச்சிருக்குது.
ராத்திரீல என்ன வேல செய்யற அங்க?"

டிரைவர் ஹாரன் அடித்தான்.
அப்பா மூட்டை எண்ணப் போனார்.
நானும் போய்
மறுபக்கமிருந்து எண்ணினேன்.